அவசரம் இல்லை: சித்தூரில் ஒரு காலை, திருப்பதியில் ஒரு மதியம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். எனக்குக் கெட்ட பெயர் வருமே என்று எதையும் விட மாட்டேன். சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கும், தோழியை ஹாஸ்டலில் விடப் போகிறவர்களுக்கும் இது உதவலாம். திருப்பதியிலிருந்து சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவின் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ரோடு சில இடங்களில் மோசம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் எஸ்தர். மற்ற இருவர் ஷபானாவும் லாவண்யாவும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டில் தமிழ், ஷபானா வீட்டில் உருது, லாவண்யா வீட்டில் தெலுங்கு. மூவரும் சேர்ந்தால் தமிழ்தான் பேசுவோம். முதல் நாளில் நான்தான் வாயை மூடாமல் பேசினேன், அதனால் அப்படி ஆகிவிட்டது என்பது ஷபானாவின் கட்சி.

இந்த வருடம் மூன்று பேரும் பத்தாம் வகுப்பு பாஸ். லாவண்யா பள்ளியிலேயே முதல் மார்க். அதனால் திருப்பதியில் ஒரு ரெசிடென்ஷியல் காலேஜில் அவளுக்கு இன்டர், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும், படிக்க ஃப்ரீ சீட் கிடைத்தது. சேர வேண்டிய நாள் இன்று, ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய பதினாறாவது பிறந்தநாளும் இன்றுதான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நம்ம ஊர டூரிஸ்ட் மாதிரி சுத்திப் பாக்கணும். பொறந்ததுல இருந்து இங்கியே கீறோம், ஒண்ணும் நின்னு பாத்ததில்ல" என்றாள்.

காலை ஆறரைக்கு காந்தி பொம்மை என்று நாங்கள் சொல்லும் காந்தி சிலை அருகே சந்தித்தோம். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டுமென்றால் இதுதான் சரியான நேரம். தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டோம். துப்பட்டாவைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு ஷபானா கைடு ஆனாள். "வலது பக்கம் பாருங்க, காந்தி தாத்தா. இடது பக்கம் பாருங்க, எஸ்தரு டீச்சரம்மா. யாருன்னா தமிழ்ல தப்பு பண்ணா காத திருகுவாங்க." இதுவும் உண்மைதான். இவர்களுடைய தமிழை நான் ஐந்து வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து நீவா நதி பாலத்துக்கு நடந்தோம். ஆட்டோவில் தினமும் கடக்கிற பாலம். இன்றுதான் முதல்முறையாக நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் இல்லை. கறுப்பாக ஒரு சாக்கடை மட்டும் நடுவில் நெளிந்து போகிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக், பழைய தலையணை, அதைக் கிளறும் பன்றிகள். "இதத்தான் பரிட்சையில எங்க ஊர் ஆறுன்னு எழுதினோமா?" என்றாள் லாவண்யா. அதற்கு அவளுக்குத்தான் முழு மார்க் கிடைத்தது என்று ஷபானா நினைவுபடுத்தினாள்.

எங்கள் பள்ளி பூட்டியிருந்தது. கேட் கம்பி வழியாக மூவரும் எட்டிப் பார்த்தோம். எங்கள் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று எங்களுடையதாக இருக்கலாம், அங்கிருந்து தெரியவில்லை. சர்ச்சைக் கடந்தபோது உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரிந்து நான் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு இது. குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

கடைசியாக கட்டமஞ்சி ஏரி. கரையில் உட்கார இடம் இருக்கிறது, நிழல் குறைவு. தொப்பியோ குடையோ எடுத்துப் போங்கள். அங்கேதான் லாவண்யா வாயைத் திறந்தாள்.

"எனக்கு அங்க போக பயமா கீதுடி. டெமோ கிளாசுக்குப் போயிருந்தேன் இல்ல, அப்ப ஒரு ராத்திரி கூட தூங்கல. எழுப்பறதுக்கு விசில் ஊதுவாங்க. இப்ப வீட்ல படுத்துக்கினு இருந்தாலும் காதுல விசில் கேக்குது."

"உங்க நான்னாகிட்ட சொல்லு. எங்களோட இங்கியே கவர்ன்மென்ட் காலேஜ்ல சேந்துக்கோ" என்றேன்.

"வாய் வரலடி."

எனக்கு உடனே எங்கள் நைனா நினைவு வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம், லாவண்யா வீட்டில் நான்னா. அவர் மின்சார இலாகாவில் லைன்மேன். லாவண்யாவின் நான்னாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பு மோட்டாருக்குக் கரெண்டு பிரச்சினை வந்தால் நைனாதான் போவார். அந்தப் பழக்கத்தில் நைனா சொன்னால் அவர் கேட்பார். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் காலேஜில் கொடுப்பதற்குள் பேசிவிட்டால் போதும். கொடுத்துவிட்டால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

நைனாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பலமனேர் ரோடில் டிரான்ஸ்பார்மர் வேலை, கம்பத்தில் இருந்திருப்பார். "அவரு ஆபீசுக்குப் போன் பண்ணி, ஆள் அனுப்பி கீழ எறக்கச் சொல்றேன்" என்றேன்.

லாவண்யா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவசரம் இல்லடி எஸ்தரு. அவரு வேல பாக்கட்டும்."

சரி, சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கிறது போல என்று நினைத்தேன். 'அவசரம் இல்லை நைனா. டூட்டி முடிந்ததும் லாவண்யா நான்னாவிடம் பேசுங்கள், அவளுக்கு ஹாஸ்டல் பிடிக்கவில்லை' என்று மெசேஜ் அனுப்பினேன். அதன் பிறகு லாவண்யா நன்றாகச் சிரித்தாள். ஐஸ் வாங்கித் தின்றோம். ஷபானாவின் முண்டாசைப் பிடுங்கி அவளே கைடு ஆனாள். என்னால்தான் அவளுக்குத் தைரியம் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அவளுடைய நான்னா டிரங்குப் பெட்டி, பக்கெட், பாயோடு நின்றிருந்தார். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர், எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் கட்டாயம். ஷபானா பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்க, கண்டக்டர், "இன்னாம்மா, ஆதார் எடுக்கச் சொன்னா வீட்டையே எடுத்துக்கினு வந்துட்ட மாதிரி கீது?" என்றார். பிறகு லாவண்யாவின் நான்னாவிடம் திரும்பி, "ஆம்பளயா பொறந்துட்டீங்க, காசு எடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

காணிப்பாக்கம் திருப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாம்பழக் கூழ் பேக்டரி. வாசலில் இருந்து ரோட்டோரமாக டிராக்டர்கள், லாரிகள், எல்லாம் மாங்காய் லோடு. கூட்டம் பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

"நம்ம லோடும் இங்கதாம்மா நின்னுச்சு" என்றார் லாவண்யாவின் நான்னா. என்னிடம் பேசும்போது அவர் தமிழில்தான் பேசுவார். "ரெண்டு ராத்திரி. உள்ள விடறதுக்குள்ள பாதி அழுகிப் போச்சு. ரோட்டோரமா கொட்டிட்டு வந்துட்டேன்." பிறகு காலடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தட்டினார். "இந்த வருசத்துக்கு நல்லது இது ஒண்ணுதான்." லாவண்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலேஜ் ஊருக்கு வெளியே. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். பின்னால் ஏழு மலை தெரியும், பார்க்க அழகான இடம். ஐந்து மாடிக் கட்டடம். எல்லா மாடி வராந்தாவுக்கும் தரையிலிருந்து கூரை வரை இரும்பு வலை அடித்திருக்கிறார்கள். திருப்பதியில் குரங்குத் தொல்லை உண்டு. "இன்னா அண்ணா, கோத்துலு ஜாஸ்தியா?" என்று ஷபானா வாட்ச்மேனைக் கேட்டாள்.

அவர் எங்கள் மூவரையும் பார்த்தார். "கோத்துல கோசம் காதம்மா" என்றார். குரங்குக்காக இல்லை. ஐந்தாவது மாடியையும் கீழே சிமென்ட் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆபீஸ் கவுன்டரில் லாவண்யாவின் நான்னா பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, டிசியையும் மார்க் மெமோவையும் எடுத்து வைத்தார். லாவண்யாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"குடுக்க வேணாம்னு சொல்லுடி. நைனா சாயந்திரம்தான் பேசுவாரு. நீதானே அவசரம் இல்லன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. "அவசரம் லேதுன்னேன்டி" என்றாள்.

எங்கள் ஊரில் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தமிழில் அவசரம் என்றால் உடனே செய்ய வேண்டியது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் பேசியது தமிழ், அதனால் தமிழாகவே கேட்டுக்கொண்டேன். நேரம் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நைனா பேசவே தேவையில்லை என்று சொல்லியிருக்கிறாள். காலேஜில் சேர்ந்துவிடுவது என்று ஏரிக்கரைக்கு வருவதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள். காலை முழுக்க அவள் சிரித்தது என்னால் வந்த தைரியத்தில் இல்லை.

"அப்ப எங்ககிட்ட ஏன்டி சொன்ன?" என்று ஷபானா அழ ஆரம்பித்தாள்.

"யார்கிட்டயாவது சொல்லணும் இல்ல?" என்றாள் லாவண்யா. கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் சர்ட்டிபிகேட்டுகளைப் பெரிய கவரில் போட்டு பீரோவில் வைத்தார்.

உள்ளே நாங்கள் போகக்கூடாது. லாவண்யா பக்கெட்டை ஒரு கையிலும் பாயை அக்குளிலும் வைத்துக்கொண்டு நடந்தாள். எந்த மாடி என்று தெரியவில்லை. வலைக்குப் பின்னால் எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருந்தன. அவளுடைய நான்னா எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு மலைக்குப் போய்விட்டார். சீட் கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம், நடந்தே ஏறப் போகிறார். "நல்லா படிப்பா இல்ல?" என்று என்னைக் கேட்டார். படிப்பாள் என்றேன். அது உண்மை.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆதாரை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்ற அதிகாலையில் கிளம்புங்கள், நீவா பாலத்தில் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், ஆனால் நின்று பாருங்கள். ஹாஸ்டலை முன்கூட்டியே ஒருமுறை நேரில் பாருங்கள், கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள். தோழி ஏரிக்கரையில் ஏதாவது சொன்னால், எந்த மொழியில் சொல்கிறாள் என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு ஏதாவது மாறியிருக்குமா என்று ஷபானாவைக் கேட்டேன். தெரியாது என்றாள். இப்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நைனா போன் செய்தார். "இப்பதாம்மா கீழ எறங்கினேன். மெசேஜ் பாத்தேன். லாவண்யா நான்னாவுக்குப் போன் போடட்டா?"

லாவண்யாவின் நான்னா இந்நேரம் மலைப் படிகளில் பாதி ஏறியிருப்பார். "அவசரம் இல்ல நைனா" என்றேன்.

"சரிம்மா, அப்ப நாளைக்குப் பேசறேன்" என்றார் நைனா.

அவரும் அதைத் தமிழாகவே கேட்டுக்கொண்டார், நான் திருத்தவில்லை. இருட்டிவிட்டது, வழியில் இருந்த ஒரு ஊரை பஸ் தாண்டிவிட்டது. டிரைவர் உள்ளே எரிந்த விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்.