சென்றாயன் மடுவில் விட்ட மீன்

துண்டின் இரண்டு முனைகளை இடுப்பில் முடிந்து, மற்ற இரண்டையும் கையில் பிடித்தபடி, சென்றாயன் தொடையளவுத் தண்ணீரில் மெல்ல நடக்கிறார். சட்டென்று துண்டைத் தூக்குகிறார். விரல்கணு நீளமுள்ள சாம்பல் நிற மீன்கள் துள்ளுகின்றன. “அதேதான். அத்தனையும் அதேதான்” என்று தகர டின்னில் கொட்டுகிறார்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் சாமை விதைப்பவர் அவர். யுத்தத்தில் மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கிடைக்காமல் போகவே, கொசுப்புழுவைத் தின்னும் மீன்களைச் சர்க்கார் ஆட்கள் மலைக்கு அனுப்பினார்கள். அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து அவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர் இவர்தான். வழியெல்லாம் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே, “இன்னும் ஒரே மேடுதான் சாமி, மூச்ச வுட்டுறாதீங்க” என்று மீன்களிடம் கெஞ்சுவார். சந்தையில் யாராவது, “ஏனுங்க, கொழம்புக்கா?” என்று கேட்டுவிட்டால் தகரத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விலகி நடப்பார்.

கிணற்றிலும் குட்டையிலும் மட்டுமே விடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் போன புரட்டாசியில் அவர் மகள் ராமாயி இருபது நாள் காய்ச்சலிலிருந்து எழுந்தாள். ஆற்று மடுவில் அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. சாமி மீன் என்று பொரி போட்டுக் கும்பிடுவார்கள். காய்ச்சலை விரட்டும் மீனைவிடப் பெரிய காணிக்கை உண்டா என்று ஒரு தகரம் மீனை அப்படியே கவிழ்த்துவிட்டார்.

இந்த வைகாசியில், அதே ஊரைச் சேர்ந்த நானும் மடுவில் பொரி போட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சுகள் தண்ணீரே கறுக்கும்படி வரும். இப்போது கிழட்டுக் கெண்டைகள் ஏழெட்டு வந்தன. எல்லாவற்றின் வாலும் கடிபட்டிருந்தது. கரையில் ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை. மழை பெய்தும் தவளைச் சத்தம் இல்லை. விட்ட மீன்தான் எல்லாவற்றையும் தின்கிறது என்று புரிந்தது.

முட்டையை அழித்தால் போதும் என்று நினைத்து, வயிறு பருத்த சாம்பல் மீன் ஒன்றைச் சென்றாயன் அழுத்தினாராம். உள்ளங்கையில் கண்ணும் வாலுமாக உயிருள்ள குஞ்சுகள் நெளிந்தன. “முட்டையே இல்லீங்க கண்ணு, குட்டி போடுதுங்க!” என்று அவர் என்னிடம் சொன்னார்.

நாற்பது நாளாக அள்ளுகிறார். அள்ளியதையெல்லாம் தன் கிணற்றில் விடுகிறார். அவர் மனைவி பாப்பாத்தி கரையில் நின்று சத்தம் போட்டாள்: “ஏனுங்க, ஒரு டின்னு எடுத்தா ரெண்டு டின்னு குட்டி போடுது. கொல்லவும் மாட்டீங்க, நிறுத்தவும் மாட்டீங்க. கெணத்துத் தண்ணியக் குடிக்கறதா, மென்னு திங்கறதா?”

“நாங் கொண்டாந்து வுட்டாலும், இந்த மடுவுக்கு வந்துட்டா சாமி மீனுதான புள்ள?”

இன்று மறுபடியும் துண்டைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரே ஒரு கெண்டைக் குஞ்சு. நாற்பது நாளில் அவர் கண்ட முதல் குஞ்சு அது. இரண்டு மீன்கள் அதை ஆளுக்கொரு பக்கம் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தன.

தகரத்தோடு கரையேறினார். கிணற்றுப் பக்கம் போகவில்லை. வெயிலில் காய்ந்த பாறையில் அந்தச் சாம்பல் மீன்களையெல்லாம் கொட்டினார். ஒரு மீன் மட்டும் துள்ளித் துள்ளித் தண்ணீரின் ஓரம்வரை போய்விட்டது. சென்றாயன் குனிந்து, அதை இரண்டு கைகளாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடியும் பாறையின் மேல் வைத்தார்.