மோட்சத்துக்கு ஒரு பத்லி

உபதேசியார் வேலையில் பெரிய இம்சை என்னவென்றால், வேதத்தில் சுலபமான பகுதிகளையெல்லாம் குருவானவர் எடுத்துக்கொண்டு, ஆளை அடிக்கிற பகுதிகளை நம் தலையில் கட்டிவிட்டு ரயிலேறிவிடுவார். எங்கள் குருவானவருக்கு செம்பூர், விக்ரோலி, தாணே என்று ஊர்பட்ட சபைகள். தாராவிக்கு மாதம் ஒருதரம் எட்டிப்பார்ப்பார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் தகரக் கூரைக் கோயிலில் பிரசங்கம், வீட்டு ஜெபம், புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து எல்லாம் அடியேன்தான். தனக்கே அரைகுறையாய்ப் புரிந்ததை அடுத்தவனுக்கு முழுசாய்ப் புரியவைக்கச் சம்பளம் வாங்கும் வாத்தியார்களே, வக்கீல் குமாஸ்தாக்களே, நாம் எல்லாரும் ஒரே தோணியில்தான் தத்தளிக்கிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் பம்பாயில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பிரசங்கம் செய்த வினை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்துகொள்ளுதலைப் பற்றி வெளுத்து வாங்கினேன். மனுஷன் தன் நற்கிரியையால் ரட்சிக்கப்படுவதில்லை, தேவன்தான் கிருபையாய் ஆளைத் தெரிந்துகொள்கிறார், அதுவும் உலகம் உண்டாவதற்கு முன்பே என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் கண் துடைத்தார்கள். எனக்கு ஏகப் பெருமை.

வாசலில் தங்கையா நின்றிருந்தார். அவர் எப்போதும் வாசல்தான், உள்ளே வரமாட்டார். மனைவி செல்வராணி மட்டும் உள்ளே வந்து உட்காருவாள். பரேல் பக்கம் ஒரு மில்லில் அவருக்குப் பத்லி வேலை. அதாவது நிரந்தரத் தொழிலாளி எவனாவது லீவு போட்டால், அன்றைக்கு மட்டும் அவன் இடத்தில் மிஷினில் நிற்கலாம். அதற்குத் தினமும் விடியற்காலையில் மில் கேட்டுக்கு முன்னால் கூட்டத்தோடு நிற்க வேண்டும். ஆள் எடுக்கிற மேஸ்திரி வருவான், அவனுக்கு ஜாபர் என்று பேர். இந்தியில் "தூ, தூ, தூ", அதாவது நீ, நீ, நீ என்று விரல் நீட்டுவான். விரல் பட்டவன் உள்ளே ஓடுவான், படாதவன் வீட்டுக்கு நடப்பான். தங்கையா பெரும்பாலும் நடந்தவர்.

ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாய்க் கூப்பிட்டார். முகம் வாடிக் கிடந்தது. "அய்யா, எங்க ஜாபருக்கும் யாரை எடுக்கணும்னு முந்துன நாளே தெரியும். எல்லாம் அவன் ஊர்க்காரனுவதான். நாங்க சும்மா கேட்டுல நின்னு காலு கடுக்கோம். மேலயும் அப்படித்தான்னு இன்னைக்கு நீங்களே சொல்லிட்டிய!"

குழாயடி வேதாந்தம்

இது வெறும் வாய்ச்சண்டையாய் இருந்திருந்தால் விட்டிருப்பேன். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. அடுத்த தடவை குருவானவர் வரும்போது ஞானஸ்நானம். எங்கள் சபை வழக்கப்படி தகப்பன் தொட்டியருகே நின்று, பிள்ளைக்காக வாக்குக் கொடுத்து, பேரைச் சொல்ல வேண்டும். "எனக்கே எடம் உண்டான்னு தெரியல, பிள்ளைக்கு நான் என்னத்த வாக்குக் கொடுக்க?" என்று தங்கையா மறுத்துவிட்டார். வேலை கிடைக்காத காலத்தில், சதுப்பு ஓரம் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு லாரி ட்யூபில் சரக்குச் சுமந்தவர் அவர். அதை விட்டுத் தொலைத்துவிட்டார், ஆனாலும் தோளில் அந்த நாற்றம் இன்னும் இருப்பதாகச் சொல்வார். அவர் நிற்காமல் ஞானஸ்நானம் கிடையாது என்று செல்வராணி ஒற்றைக்காலில் நின்றாள். பிள்ளை பேரில்லாமல் கிடந்தது, காரணம் என் பிரசங்கம்.

வீட்டு ஜெபத்தில் வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று போனேன். பாமரர்களுக்கு உவமைதான் சரி என்று, "கிருபை நம்ம தெருக்குழாய்த் தண்ணி மாதிரி. யாரும் விலை கொடுக்க வேண்டாம், குடத்தை நீட்டினா போதும்" என்றேன். பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. தங்கையாவும் தோள் துண்டுக்குள் சிரித்தாரே தவிர அசையவில்லை. செல்வராணிதான் என் மேல் இரக்கப்பட்டு எழுந்தாள். "அய்யா, எங்க குழாயில காலம்பற கொஞ்ச நேரந்தான் தண்ணி வரும். அதுக்குள்ள நாலு பேரு முடியைப் பிடிச்சு இழுக்கணும். பொம்பளயளுக்குச் சொல்ல நீங்க வேற ஏதாவது பாருங்க."

சிபாரிசுச் சேவல்

அந்த வாரமே என் அறைக்கு வெளியே "கொக்கரக்கோ" என்று சத்தம். கதவைத் திறந்தால், தங்கையா. கக்கத்தில் ஒரு சிவப்புச் சேவல். என்ன சேவல் என்கிறீர்கள்! கொண்டையே ஒரு கிரீடம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள், அவள் கண்ணில் அப்போதே குழம்பு கொதித்தது.

"ஜாபருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி நாங்க ஏதாவது கொண்டு குடுப்போம். சும்மா போனா அவன் விரல் நீளாது. நீங்க மேல உள்ளவருக்கு வேண்டிய ஆளு. ஒரு வார்த்த..." என்று இழுத்தார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிருபைக்கு மாமூலா, என்னை யாரென்று நினைத்தீர், எடுத்துக்கொண்டு போம் என்று சத்தம் போட்டேன். அவர் சேவலைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். வேதத்துக்காக வைராக்கியம் காட்டிவிட்ட திருப்தியில் திரும்பினேன். என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "கிருபை இலவசம்னு நீங்க சொன்னது சரிதான். வீடு தேடி வந்த சேவலைத் திருப்பி அனுப்பணும்னு எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு?"

சாமுவேல் சார் சொன்ன புத்தி

என்னால் ஆகாததை எங்கள் சபையின் பெரிய மனுஷர் சாமுவேல் சார் செய்து முடிப்பதாக முன்வந்தார். செம்பூரில் ஒரு கம்பெனியில் ஆபீஸர். கோயிலில் முதல் பெஞ்சின் மூலை அவருக்கென்றே காலியாய் இருக்கும், ஈகூட உட்காராது. வாசலுக்கே போய், "இங்கே பாருப்பா தங்கையா, எங்க குடும்பம் மூணு தலைமுறையா சபையில இருக்கு. எனக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. நீயும் அப்படியே விசுவாசி, சரியாப் போயிரும்" என்று முதுகில் தட்டினார்.

தங்கையா கைகட்டிக் கேட்டார். சார் போனதும், "சொன்னது புரிஞ்சுதா?" என்று ஆவலோடு கேட்டேன். நன்றாகப் புரிந்தது என்று தலையாட்டினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது, அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்கிற வரைக்கும். "அவுக பெர்மனென்ட் ஆளு அய்யா. அவுக மோட்சத்துல என்னைக்காவது லீவு போட்டாத்தான் எனக்கு நம்பர் வரும்."

காதர் பாய் கடையில்

மனசு கேட்காமல் பக்கத்துச் சந்தில் காதர் பாயிடம் போய்ப் புலம்பினேன். காயல்பட்டினத்துக்காரர், தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். விதி, முன்குறிப்பு என்று நான் அரைமணி நேரம் அளந்தேன். அவர் டீ வரவழைத்தார், பட்டர் பிஸ்கட்டும் வரவழைத்தார், ஊசியை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தார். "உபதேசியாரே, எழுதிட்டாங்க எழுதிட்டாங்கன்னு ஏன் கெடந்து பயமுறுத்துறீங்க? எழுதினவன் இரக்கமுள்ளவன்னு முதல்ல சொல்லுங்க, மனுஷன் டீயாவது நிம்மதியாக் குடிப்பான்."

தொட்டியருகே

குருவானவர் வந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. செல்வராணி வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் போட்டுத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாளே! தனியாக. வாசலில் தங்கையா, மழைச் சாரலில் பாதி முதுகு நனைய.

"பிள்ளைக்குப் பெயர் என்ன?" என்று கேட்டார் குருவானவர். செல்வராணி கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எனக்குத் தெரியாது அய்யா. தெரிஞ்சவுக வாசல்ல நிக்காக" என்றாள். குருவானவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் நிமிர்ந்து, வெண்கலக் குரலில், "தங்கையா! உள்ளே வாரும்!" என்று கூப்பிட்டார்.

பத்லிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூப்பிட்டால் யோசிக்கமாட்டார்கள். ஜாபர் மனசு மாறுவதற்குள், பக்கத்தில் நிற்பவன் முந்துவதற்குள் ஓடிவிட வேண்டும். அந்தப் பழக்க தோஷம்! "ஹாஜிர் சாப்!" என்று மில் கேட்டில் ஆஜர் சொல்கிற அதே கத்தல், மனுஷன் தரையில் விரித்த பாய்களைத் தாண்டி ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றார். எங்கே நிற்கிறோம் என்பது அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். பிறகு குருவானவரிடம் மெதுவாக, மெய்யான பயத்தோடு கேட்டார்: "இன்னைக்கு யாரு லீவு அய்யா?"

கோயில் கொல்லென்று சிரித்தது. சாமுவேல் சார்கூட. குருவானவர் சிரிக்கவில்லை. மில் கேட் சமாச்சாரம் அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விக்ரோலியிலும் அவர் சபையில் பாதிப்பேர் கேட்டில் நிற்கிறவர்கள்தான். பிள்ளையை வாங்கித் தங்கையா கையில் வைத்தார். அது பொக்கை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போயிற்று. "யாரும் லீவு போடவில்லை, தங்கையா. இவள் இன்னும் ஒரு வேலையும் செய்யவில்லை, ஒருத்தருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை, தூங்குகிறாள். இவளைத் தேவன் எப்படிச் சேர்த்துக்கொள்கிறாரோ அப்படித்தான் உம்மையும். இது உமக்கே உள்ள இடம்" என்றார்.

தங்கையா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் அழுதார், அழுகிறபோதே சிரித்தார். "மகிழ்ச்சி, அய்யா. பேரு மகிழ்ச்சி" என்றார். தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீறிட்டது, எல்லாரும் எழுந்து பாடினோம், தகரத்தில் மழை தாளம் போட்டது. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமான ஆராதனையை நான் கண்டதில்லை. வெளியே வரும்போது செல்வராணியிடம், "எல்லாம் குருவானவர் சொன்ன ஒரு வார்த்தை" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்து முறைத்தாள். "ஒமக்கு ஒரு கொறையும் இல்ல, உள்ள வாரும்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானுந்தான் சொல்லுதேன். பெண்டாட்டி சொன்னா அது வேதம் இல்லையாக்கும்!"

தேவன் யாரை எப்போது தெரிந்துகொண்டார் என்பது இன்றுவரை எனக்கு முழுசாய் விளங்கவில்லை, ஆனால் அவர் கூப்பிடுகிறபோது உபதேசியார் வழியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது.