மைக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

தள்ளாடி வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் தள்ளாடவிட்டு, அதைக் குறித்துக்கொள்வதுதான் என் தொழில். கள்ளக்குறிச்சியில் ஒரு காது டாக்டரம்மாவிடம் சோதனை உதவியாளனாக இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அறை சுற்றி, கையால் சுவரைத் தேடியவர் நீங்கள் என்றால், இனிச் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

குளிர்ந்த தண்ணீர்

வடக்கனந்தலிலிருந்து அஞ்சலை வந்தார். களை எடுக்கக் குனிந்தால் நிமிர முடியவில்லை. படுக்கவைத்து, ஐஸ் போட்ட தண்ணீரை ஒவ்வொரு காதிலும் பீச்சினேன். நல்ல காது என்றால் இரண்டு நிமிஷம் உலகம் சுற்றும். கெட்ட காது சும்மா இருக்கும். இடது காது சும்மா இருந்தது. வலது காதில் ஊற்றியதும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சுற்றல் நின்றதும் புடவைத் தலைப்பால் காதைத் துடைத்தபடி சொன்னார்: "மயக்கம் போவணும்னு வந்தா, இன்னும் ஜாஸ்தி குடுத்து அனுப்புறீங்களே சார்."

ஐம்பது அடி

இரண்டு வாரம் கழித்து, இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் தெருமுனையில் மைக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து பேச்சு. ஐஸ் வண்டி வரவில்லை. அதனால் தண்ணீர்ச் சோதனையைத் தவிர்த்து மற்ற சோதனையை மட்டும் செய்தோம். கண்ணைத் துணியால் கட்டி, கையை நீட்டி, நின்ற இடத்திலேயே ஐம்பது அடி வைக்கச் சொல்வோம். ஒரு காது கெட்டிருந்தால், அவருக்கே தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்.

அன்று மறுபடி காட்ட வந்த அஞ்சலை எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக நின்றார். தேறிவிட்டார் என்று எழுதினேன். அடுத்து கோவிந்தன். கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். காய்ச்சலுக்குப் பிறகு தலைசுற்றல். டாக்டர் கடிதம் இல்லாமல் வண்டியைத் தர முதலாளி மறுத்திருந்தார். அவரும் நேராக நின்றார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோவிந்தன் கேட்டார்: "வளைவுல கண்ணைத் தொறந்துகினுதானே ஓட்டப்போறேன், இதுக்கு இன்னாத்துக்கு சார் துணி கட்டுறீங்க?"

சத்தம் இல்லாத காலை

மறுநாள் மறியலுக்காகச் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. மைக்கை உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். அஞ்சலையை அவர் புருஷன் சைக்கிளில் வைத்து, மரம் கிடந்த இடங்களில் இறக்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டிக் கொண்டுவந்தார். இரவெல்லாம் வாந்தியாம். மறுபடி ஐம்பது அடி வைக்கச் சொன்னேன். கதவைப் பார்த்து ஆரம்பித்தவர், முடிக்கும்போது இடப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றார்.

நேற்று எப்படி நேராக நின்றீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"நேத்து மைக்கு சத்தம் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, அதைப் புடிச்சிகினு நின்னேன். இன்னிக்குப் புடிச்சிக்க இன்னா இருக்குது?"

பஸ் ஷெட்

கோவிந்தனும் அதே சத்தத்துக்கு எதிரேதான் நின்றிருந்தார். கடிதம் அவர் பையில் இருந்தது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு நினைவுக்கு வந்தது. சாலை மறியலை ஊரே திட்டிக்கொண்டிருந்த அன்று, மரங்கள் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று விரும்பியவன் நான் ஒருவன்தான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, கடிதத்தை வாங்கி வா என்றார், அவ்வளவுதான். பஸ் ஷெட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். சாயங்காலம் வழி திறந்துவிடும், முதல் வண்டி இதுதான் என்றார் ஷெட் காவலாளி. கோவிந்தன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. வண்டி இல்லையென்றால் வூட்டில் அடுப்பு இல்லை என்றார். ஆனாலும் துண்டை எடுத்து அவரே கண்ணைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நின்றார்.

நான் எண்ணினேன். ஷெட்டில் வேறு சத்தமில்லை. முப்பதில் தோள் திரும்பியது. ஐம்பதில் துண்டை அவிழ்த்தவருக்கு எதிரே பஸ் இல்லை, டீசல் பீப்பாய்கள் இருந்தன. பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"வளைவுல வண்டிதான் சார் திரும்பணும், நான் திரும்பக் கூடாது."

இப்போதெல்லாம் ஒருவர் நேராக நிற்கிறார் என்று எழுதுவதற்கு முன், ஜன்னலைத் திறந்து தெருமுனையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.