படகுக் கொட்டகையின் வாசற்படி

எங்கள் வீட்டுத் தோட்டக் கதவடியில் கிடக்கும் வேங்கைக் கட்டை, இந்த வீட்டுக்காகச் செய்ததல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், தாமல் ஏரிக்கரையில் ஒரு படகுக் கொட்டகைக்கு வாசற்படியாக வைத்தது. அறுபதுகளின் கடைசியில், அப்போது ஓவர்சியராக இருந்த என் வீட்டுக்காரர் வரைந்து கட்டிய கொட்டகை அது.

ஏரியில் துடுப்புப் படகு விடப்போகிறார்கள், கொட்டகையைப் பார்த்தாலே காஞ்சிபுரம் என்று தெரிய வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. இவர் பாவு நூலை நீட்டிக் கட்டும் நெசவாளர் வீட்டைப்போல நீளமாக வரைந்தார். என் கூறைப்புடவையை விரித்துப்போட்டு, அதன் கரையில் ஓடும் கோபுர வரிசையைச் சுவரோரத்துக்கு எடுத்துக்கொண்டார். படகின் அகலம், கதவின் அகலம் எல்லாம் தூக்கத்திலும் ஒப்பிப்பார். ஆனால் வாசல் நிலை வைத்தபோது, வீட்டுக்கு வைப்பதுபோலவே கீழே படியும் வைத்து, மஞ்சள் குங்குமமிட்டுப் பூஜை போட்டுவிட்டார்கள். படகுக்குக் காலில்லை, படி தாண்டாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல்நாள், உருளைக் கட்டைமேல் தள்ளிப் பார்த்தபோது படகின் அடிப்பலகை படியில் மோதி விரிசல் விட்டது. "நாளைக்குள்ள அத்த எடுக்கல, உன் வேலைய மறந்துடு" என்றாராம் மேலதிகாரி.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மனைவி முழுகாமல் இருக்கும்போது பூஜை போட்ட வாசல்நிலையில் புருஷன் கை வைக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். தச்சரே, "என் கையால வேணாம் சார்" என்று ஒதுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"இன்னாம்மா பண்றது?" என்று என்னையே கேட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. "தூக்கியா போடப்போறோம்? பேத்து நம்ம வூட்டுக்கு எடுத்தாந்துடுங்க. இங்க வெச்சிக் கும்புட்டுக்கலாம்" என்றேன். குரலில் மட்டும்தான் தைரியம்.

விடிந்ததும் அவரே கடப்பாறை பிடித்துப் பெயர்த்தார். படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதாம், எல்லோரும் கைதட்டினார்களாம். இவர் மாலை மரியாதைக்குக்கூட நிற்காமல், கட்டையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய பாடு. வயிற்றில் அசைவு கொஞ்சம் நின்றால் போதும், எங்கள் இருவர் கண்ணும் அந்தக் கட்டைக்குப் போகும். நான் குளிக்கப் போகும் சமயம் பார்த்து அவர் அதைத் தொட்டுக் கும்பிடுவார். அவர் ஆபீஸ் கிளம்பியதும் நான். ஒருவருக்கொருவர் தெரியாது என்றே நடந்துகொண்டோம்.

அவர் போய்ச் சில வருஷமாகிறது. இன்று காலை, ஊரிலிருந்து வந்திருக்கும் என் மகள், அன்று வயிற்றில் இருந்தவள், காபி டம்ளரோடு அந்தக் கட்டைமேல் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். வாசற்படியில் யார் உட்கார்ந்தாலும் அதட்டுகிறவள் நான். அவளை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை.