ஏழாம் பாதையில் ஒரே ஒரு சற்றே

சைக்கிள்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சற்றே அக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

ஊரைச் சுற்றிக் குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே ஆறு. இரண்டையும் தொட்டுக்கொண்டு பதினான்கு ஜல்லிப் பாதைகள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு வழித்தாள். அந்தத் தாள்களை எழுதுவதுதான் அவளுடைய வேலை. நடத்துவது ஒரு சைக்கிள் சுற்றுலா நிறுவனம்; அலுவலகம் என்பது சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழேயிருந்து ரப்பர் பசையின் வாடை மேலே ஏறும். மேலேயிருந்து மேலாளரின் குரல் கீழே இறங்கும்.

வாடிக்கையாளர்கள் ஓட்டி வந்தது 'கிராவல் பைக்', அதாவது ஜல்லிப் பாதைக்கான சைக்கிள். தார்ச்சாலையில் போக வெட்கப்பட்டு, மலையேறப் பயப்படுகிறவர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த வாகனம். டயர் நடுத்தரம், விலை உச்சம்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அது சுதந்திரமான உத்தியோகம். தலைச்சுற்றல் முதல் மரணம் வரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் போட்டுவிடலாம். யாரும் படிக்கப் போவதில்லை. இங்கே படிக்கிறார்கள் என்பதால் எழுத முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினான்கு பாதைகளையும் தானே ஓட்டிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொண்டுபோனாள். மேலாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"வழுக்கும்னு எழுதாதீங்க மேடம். அதைப் படிச்சவன் வீட்ல சோபாவுலயே வழுக்கி உட்கார்ந்துடுவான். அப்புறம் எவன் வருவான்?"

"வழுக்குதே சார்."

"வழுக்கட்டும். அதை ஏன் முன்கூட்டியே சொல்லி அவன் சந்தோஷத்தைக் கெடுக்கணும்?"

மூன்று மாதம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு நாள் அலுப்பில் 'சற்றே வழுக்கும்' என்று எழுதிக் கொடுத்தாள். சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போனது. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதன்பின் சற்றே செங்குத்து, சற்றே குறுகல், சற்றே நாய்கள். கெட்ட செய்திகள் எல்லாம் அந்த ஒரு சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேலாளரைக் கடந்துபோயின.

பழைய ஆட்களுக்கு நாளடைவில் பாஷை புரிந்துவிட்டது. "சற்றே ஏற்றம்னு அக்கா போட்டிருந்தா ரெண்டு வேளை சாப்பாடு கட்டிக்கிட்டுப் போ. சற்றே நாய்னா போகவே போகாதே" என்று கீழே கடைக்காரர் புதியவர்களுக்கு வகுப்பெடுப்பார். பதினோரு வருஷமாக மேலாளரின் மூக்குக்குக் கீழேயே எச்சரிக்கை கடத்துகிறோம் என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

ஏழாம் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஒரு மரப்பாலத்தில் அக்கரை போகும். போன மாதம் கடைக்காரர் படியேறி வந்து சொன்னார். "அக்கா, ஏழுல நடுப்பாலத்துல ரெண்டு பலகை இல்லையாம். தூணும் ஆடுதாம். வந்தவன் முகமே வெளுத்துப்போய்ச் சொல்றான்."

அன்றே போய்ப் பார்த்தாள். வந்து மூன்று வரி எழுதினாள். பலகைகள் சற்றே குறைவு. தூண் சற்றே ஆடுகிறது. மலையில் மழை பெய்தால் சற்றே தவிர்க்கவும். மேலாளர் படித்தார், பெருமூச்சு விட்டார், மூன்றையும் அடித்துவிட்டு ஒரு வரி எழுதினார்: 'பாலம் சற்றே பழமையானது, புகைப்படத்துக்கு ஏற்றது.'

"ஒரு பாலத்துக்கு மூணு சற்றே ஓவர் மேடம். ஒண்ணு விட்டு வெச்சிருக்கேன், திருப்தியா?"

அவள் சண்டை போடவில்லை. ஒன்றாவது மிஞ்சியதே என்று வந்துவிட்டாள்.

இந்த வாரம் முழுக்க ஊரில் வெயில். தொலைவில் குன்றுகளின் தலைமேல் மட்டும் மேகம் கருகிப்போய், ஐந்து நாளாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டு. கல்யாணமாகி இரண்டு மாதம், நாளைக் காலை கிளம்புகிறோம் என்று கேட்காமலே சொன்னார்கள். அந்தப் பெண் ஏழாம் தாளைப் புரட்டினாள்.

"பாலம் பழசுன்னு போட்டிருக்கே. எவ்வளவு பழசுங்க?"

மேலாளர் ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றார்.

"சற்றே" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் புருவத்தை ஏற்றினாள், கண்ணை ஒருமுறை அழுத்தி மூடித் திறந்தாள். பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே தாளை மடித்து வைத்திருப்பான். பெண் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியா, சற்றேவாம். எவ்வளவு அழகாப் பேசுறாங்க."

போய்விட்டார்கள். அவர்கள் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகம் வந்தபோது கடைக்காரர் பம்பும் கையுமாக வாசலில் நின்றார்.

"சார் கிளம்பிட்டாரே, சொல்லலையா?"

"எந்த சாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா. வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கிட்டு எட்டரைக்கே போயிட்டார்."

அவளுடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாழ்நாள் முழுக்க மேலே போனதும் கீழே வந்ததும் கால் வலிக்காமல் நடந்த காரியம். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது "ஒருநாள் நானும் உன் பாதையில போய்ப் பார்க்கிறேன்" என்றார். "முதல்ல தெருமுனை வரைக்கும் போங்க" என்று அவள் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு வேலை செய்திருக்கிறது.

"எத்தனாம் பாதை?"

"எல்லாத் தாளையும் விரிச்சு வெச்சு எண்ணிக்கிட்டிருந்தார். மத்ததுல நாலு சற்றே, அஞ்சு சற்றே இருக்கு, ஏழுல ஒண்ணே ஒண்ணுதான், அதான் சுலபம்னார். நான் உள்ளே டியூபைத் தேடிக்கிட்டிருந்தேன். வெளியே வந்து சொல்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

போனில் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். அதைச் சொன்ன பெண்ணின் குரலில் ஒரு கவலையும் இல்லை. கடைக்காரர் கேட்காமலே ஸ்கூட்டர் சாவியை நீட்டினார்.

ஊர் எல்லை தாண்டியதும் தார் முடிந்தது. ஜல்லி டயருக்கடியில் நறநறவென்று பல்லைக் கடித்தது. முதல் குன்று ஏறி இறங்கினாள், இரண்டாவது ஏறினாள். உச்சியில் எப்போதும் காற்று இருக்கும். இன்று ஒரு புல்கூட அசையவில்லை. கீழே ஆறு தெரிந்தது. வழக்கமாகக் கற்களைச் சுற்றி வளைந்து போகிற ஆறு. இப்போது கற்களைக் காணவில்லை. தேநீர் நிறத்தில், அகலமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் போடுகிற தண்ணீரைப் பற்றி அவள் எழுதியிருக்கிறாள். இதற்குச் சொல் இல்லை.

மூன்றாவது குன்றின் அடிவாரத்தில், பாதையோரக் கல்லின்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. சங்கிலி அறுந்து தொங்கியது. முகம் தக்காளி நிறம்.

"ஒரே ஒரு சற்றேன்னு நம்பி வந்தேன், இதுவா சுலபம்?" என்றார் அவளைப் பார்த்ததும். "பதினோரு வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கே."

அவள் ஸ்கூட்டரை அப்படியே சாய விட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். உயிரோடு, வியர்த்து, கோபமாக இருந்தார். அது போதும்.

"என்னம்மா, ஏன் இப்படி ஓடி வர்றே? சங்கிலிதானே அறுந்துச்சு."

"பாலத்துக்குப் போகலையே?"

"எங்க போறது. இங்கேயே படுத்துடுச்சு. ரெண்டு மஞ்சக்கோட்டு வந்தாங்க, நல்ல பிள்ளைங்க. உதவட்டுமான்னு கேட்டாங்க. மானத்தை விடாம வேணாம்னுட்டேன்."

தோளிலிருந்த அவள் கை விலகியது.

"எப்போ?"

"ஒரு மணி நேரம் இருக்கும். பாலத்தைப் பத்திக் கேட்டாங்க, தண்ணி நிறையப் போகுதே, போகலாமான்னு." அவர் முகத்தில் பெருமை மலர்ந்தது. "எழுதினது என் பொண்டாட்டிதான், தைரியமாப் போங்கன்னேன்."

அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

இருவரும் ஸ்கூட்டரில் ஏறினார்கள். பாலம் பத்து நிமிஷ தூரம். ஈரமண்ணில் இரண்டு டயர் தடங்கள் பக்கம் பக்கமாக, அவசரமில்லாமல், பேசிக்கொண்டே போனதுபோல் போயின. ஓரிடத்தில் நின்றிருக்கிறார்கள், காலடிகள் இருந்தன. பிறகு தடங்கள் மரப்பலகைமேல் ஏறின. நான்கு பலகைகள் இருந்தன. ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. அக்கரையில் பாலத்தின் மறுமுனை நான்கு பலகைகளோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

இக்கரையில், பாதை முடிகிற இடத்தில், ஒரு சின்ன கேமரா முக்காலியின்மேல் அவர்களுடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் கண் பாலத்தைப் பார்த்திருந்தது. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுக்கியது. நாற்பத்தோரு நிமிஷம், பன்னிரண்டு விநாடி. பதிமூன்று. பதினான்கு.

கணவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தொடவில்லை. "நான்தானே போங்கன்னு சொன்னேன்" என்றார் போனிடம்.

அங்கே சிக்னல் கிடையாது. அவள் பின்னாலிருந்த மேட்டில் கையூன்றி ஏறினாள். பாதி ஏறியதும் மீட்புக் குழுவின் எண் கிடைத்தது. எதிர்முனையில் ஒரு நிதானமான ஆண் குரல் இடத்தைக் கேட்டது, சொன்னாள். எத்தனை பேர் என்று கேட்டது, சொன்னாள்.

"பாலம் எந்த அளவுக்குச் சேதம்மா?"

"சற்..." நாக்கு பழக்கத்தில் தானாகப் புரண்டது. கடித்து நிறுத்தினாள். "பாலம் இல்லைங்க. தண்ணி ஆளை அடிச்சிட்டுப் போற அளவுக்கு இருக்கு. உடனே வாங்க."

சொல்லிக்கொண்டே ஆறு திரும்புகிற வளைவைப் பார்த்தாள். அங்கே கரையோரப் புதரில் என்னவோ மஞ்சளாகச் சிக்கியிருந்தது. ஒன்றா, இரண்டா என்று தூரத்தில் பிரித்தறிய முடியவில்லை.

"அங்க மஞ்சளாத் தெரியுது சார். அசையுது."

"தானா அசையுதாம்மா, தண்ணி அசைக்குதா?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இதுவரை எதற்கும் ஒரு சொல் வைத்திருந்தவள்.

"பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினாள். ஈரப்புல் வழுக்கியது.