போன் விழுங்கிய ‘ஆ’

வெள்ளிக்கிழமை காலை ரஹ்மத் டீச்சரின் மகள் போன் செய்தாள். “பாட்டி, அம்மா போயிட்டாங்க.”

“எங்க, காலேஜுக்கா?” என்றேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், இரைச்சலில் இருவர் பேசும் பேச்சைப் பிழையில்லாமல் கொண்டு சேர்ப்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சி. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்தபோது எனக்கும் புரியும்படி சொன்னார். “ஒருத்தர் மட்டும் பேசினா சுலபம் பெரியம்மா, திருப்பித் திருப்பிச் சொல்லிடலாம். ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பேசறப்ப நடுவுல ஒரு வார்த்தை கெட்டுதுன்னா, அப்புறம் வர்றதெல்லாம் சரியான பதில்தான். ஆனா வேற கேள்விக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. துறையூரில் இருக்கும் என் தங்கை செல்வியோடு பல வருடமாகப் பேச்சில்லை. தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்று போனில் அழைத்தவள், ‘பந்திக்கு வந்துடு’ என்றாள். கூடப் பிறந்தவளைச் சாப்பாட்டுக்கு மட்டுமா அழைப்பது? “சோத்துக்கா வருவேன்?” என்றேன். “வா வா, இலை போட்டு வைக்கிறேன்” என்று சிரித்தாள். நான் போகவில்லை. அந்தச் சிரிப்பை மறக்கவும் இல்லை.

இதைக் கேட்ட டீச்சர் அப்போதே செல்வியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார். “யார் தப்புன்னு நான் கேக்கல. எது வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது, சொல்லுங்க.” கல்யாணம் வீட்டில்தான் என்பது வரை ஒத்துப்போனது. அடுத்த வார்த்தையில் முட்டியது.

“பந்தக்காலுக்கு வந்துடுன்னேன்க்கா! பந்தல்கால் நடறப்ப முத ஆளா நீ நிக்கணும்னு!”

“அப்ப இலை போடறேன்னு ஏன்டி சிரிச்ச?”

“நீதானே சோத்துக்கு வருவேன்னு சொன்ன. விளையாடறேன்னு நெனச்சேன்.”

‘சோத்துக்கா’வில் இருந்த என் ‘ஆ’வைப் போன் விழுங்கியிருந்தது.

“என் பட்டுப் புடவையைக் கறையோட திருப்பிக் குடுத்தியே, அதுவும் போன் கோளாறா?” என்றேன், விடாமல்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “அதுக்கு எங்க படிப்புல வழியில்ல பெரியம்மா.”

சண்டை முத்திய பிறகு அல்ல, பேசப் பேசவே ஒத்துப் பார்க்க வேண்டும் என்பார். அதனால் நானும் செல்வியும் பேச்சுக்கு நடுவே “இது வரைக்கும் சரியா?” என்று கேட்டுக்கொள்கிறோம். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். புடவைக் கறை என் சொந்தச் சரக்கு.

டீச்சர் போன செய்தி கேட்டு, போனில் துக்கம் விசாரித்த கையோடு செல்வி சொன்னாள், “சின்னவளுக்குத் தையில கல்யாணம். பந்தக்காலுக்கு வந்துடுக்கா.”

“பந்திக்கா?” என்றேன்.

இந்த முறை ‘ஆ’ போய்ச் சேர்ந்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.