மூன்று கவளத்தில் நிறையும் வயிறு

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ வாங்கிக்கொண்டிருந்தபோது டிப்போவிலிருந்து போன் வந்தது. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த என் பஸ் கண்டக்டர் துரைசாமி போய்விட்டார். மாற்று டிரைவர் யாரும் இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு மலையேறினேன். அன்று வளைவுகளில் விசில் கொடுத்தவர் வேறு யாரோ.

அன்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம், அவர் போட்டுக்கொண்டிருந்த அந்த மாத்திரைதான் ஆளைக் கொண்டுபோய்விட்டதா என்று கேட்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அவரை அறிந்த உங்களுக்காக ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் சாப்பாடு தெரியும். மூன்று கவளம் போனதும் வயிறு கல்லாகிவிடும். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தும் புண் இல்லை, கட்டி இல்லை. மலையில் விருந்து என்றால் பந்தி முடியுமுன் எழக் கூடாது. மலைமேல் வளப்பூர் நாட்டில், மாப்பிள்ளை வீட்டில் நடந்த சொந்த மகளின் நிச்சயத்தன்றே இவர் பாதிப் பந்தியில் எழுந்துவிட்டார். சம்பந்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நம்ம ஊட்டுச் சோறே இறங்காதவர் நம்மோடு எப்படி ஒட்டுவார் என்று உறவுக்காரர்களிடம் சொன்னாராம். கல்யாணம் நின்றுவிடும்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் டாக்டர் ஒருவர், மனப் படபடப்புக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சோறு உள்ளே போனால் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும், உமக்கு அது தளரவில்லை என்றாராம். செரோடோனின் மூளையில் மட்டுமல்ல, வயிற்றிலும் வேலை செய்கிறது. அதன் வழியாக வேலை செய்யும் இந்த மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

முதல் சில நாட்கள் தலைசுற்றலும் குமட்டலும்தான். வாந்தி எடுப்பவர்களுக்குக் கவர் கொடுக்கிற மனிதர், தானே ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு படியோரம் நின்றார். "ஏனுங்க டிரைவர், மெதுவா வளைங்க. இன்னிக்கு நானும் பேசஞ்சர்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். பிறகு மெல்லமெல்ல அரைச் சாப்பாடு இறங்கத் தொடங்கியது.

அதற்குள் அது பைத்திய மாத்திரை என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறைத்துப் போடுங்கள் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஏறிய சம்பந்தி, எல்லார் எதிரிலும் அதைக் கேட்டேவிட்டார். துரைசாமி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"படபடப்புக்குக் குடுக்கறதேதானுங்க சம்பந்தி. எனக்கு வயித்துக்குக் கேக்குது. உங்க ஊட்டுச் சோத்து மேல குத்தமில்லீங்க. வயிறு போதும்னா எந்திரிச்சுத்தான ஆவணும்."

சம்பந்தி டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் ஊரில் இறங்கினார். அடுத்த வாரம் எங்கள் பஸ்ஸிலேயே ஒரு பலாப்பழம் அனுப்பிவைத்தார். கல்யாணம் நடந்தது. துரைசாமி கடைசிவரை பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் அவருடைய காரியச் சாப்பாடு. எனக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. எத்தனையோ வருஷம் சேர்ந்து ஏறி இறங்கிய மலை, இப்போது அலுப்பாக இருக்கிறது. மறுசோறு கொண்டுவந்தவர் கையை மறித்தேன். அவர் விடுவதாக இல்லை. பக்கத்து இலையிலிருந்த சம்பந்தி அவரைப் பார்த்து, "உடுங்க சாமி. வயிறு போதும்னா எந்திரிச்சுத்தான ஆவணும்" என்றார்.

பாதிப் பந்தியில் எழுந்தேன். ஒருவர் முகமும் சுருங்கவில்லை. துரைசாமி எனக்கு விட்டுப்போனது அதுதான். கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.